தானா ஆடுற கால்

நான் காலால பொறந்தவ. தலை முன்னால வராம, ரெண்டு காலையும் நீட்டிக்கிட்டு வெளிய வந்தவ. எங்க தோட்டத்துல இடுப்புப் பிடிச்சுக்கிட்டவன், முதுகு சுளுக்கிக்கிட்டவ எல்லாம் கடைசியில என் வீட்டு வாசலுக்குத்தான் வருவாங்க. குப்புறப் படுக்க வெச்சு இடது காலால மூணு மிதி. காலால பொறந்தவ மிதிச்சா பிடிப்பு விட்டுரும்னு எல்லாரும் நம்பினாங்க, நானும் நம்பினேன். விடவும் விட்டுச்சு. பாதிப் பேருக்கு மிதிக்காட்டியும் விட்டிருக்கும்னு இப்ப சொல்றேன். அப்ப யாராவது சொல்லியிருந்தா அவங்களோட சண்டைக்குப் போயிருப்பேன்.

தோட்டம் சிரம்பான்லேர்ந்து போர்டிக்சன் போற சடக்குல, ரெண்டு மைல் உள்ள தள்ளி இருந்துச்சு. ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடிட்டாரு. கித்தாப் பால், அதான் ரப்பர் பால், வாங்க ஆள் இல்ல. பால் எடுக்க மரத்துப் பட்டையை வெட்டின கையெல்லாம் மரவள்ளிக் குச்சி ஊனப் போச்சு. எங்க வீட்டுக்காரருக்கு முதுகுவலி வந்தது அந்த மரவள்ளிக் காட்டுலதான். நல்ல உசரமான ஆளு, அவரு மண்வெட்டி போடுற வேகத்துக்குப் பக்கத்து ஆளுக்கு மூச்சு வாங்கும். அப்படிப்பட்டவரு சாயங்காலம் ஆனா சுருண்டு படுத்துக்குவாரு. லேசா உடம்பு சுடும், வேர்த்துப் பாய் நனையும். மலேரியான்னு நெனச்சோம். இளைச்சாரு. யாருதான் இளைக்கல? தோட்டமே எலும்பும் தோலுமா இருக்கும்போது ஒருத்தரு இளைக்கிறது கண்ணுல படாது.

இன்னொண்ணும் பார்த்தேன். கீழ விழுந்த கத்திய எடுக்கணும்னா குனிய மாட்டாரு. முதுகை விறைப்பா வெச்சுக்கிட்டு, தொடையில கைய ஊனி, மெல்லக் குந்தி எடுப்பாரு. மகாராஜாவுக்குக் குனிய வராதோன்னு கேலி பண்ணினேன். எனக்கு இருக்கிற வாய்க்கு அப்பவே தையல் போட்டிருக்கணும்.

மிதிக்கிறேன் வாங்கன்னா வர மாட்டேன்னுட்டாரு. பொண்டாட்டி காலை முதுகுல வாங்கினவன்னு காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்களத்துல நாலு பேரு சிரிப்பானாம். வலி தாங்காமப் போன ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கதவைச் சாத்திட்டு அவரே குப்புறப் படுத்துக்கிட்டாரு. காலை வெச்சேன். நடு முதுகுல, மடக்கின விரல் முட்டி மாதிரி ஒரு எலும்பு பொடைச்சுக்கிட்டு நின்னுச்சு. ஆகா, பிடிப்பு இங்கதான் உருண்டு கிடக்குன்னு நெனச்சேன். ரெண்டு மிதி மெதுவா. மூணாவதை ஊராருக்குப் போடுறதை விட அழுத்திப் போட்டேன். என் புருஷனாச்சே, நல்லா விடட்டும்னு. அவரு தொண்டையில ஒரு சத்தம் வந்துச்சு. அந்தச் சத்தத்தை நான் இன்னும் மறக்கல.

ஒரு வாரத்துல கால் கனக்குதுன்னாரு. அப்புறம் பெருவிரல் தரையைத் தேய்ச்சுச்சு. பத்தாம் நாள் எழுந்தவரு அப்படியே மடிஞ்சு விழுந்தாரு. கட்டில் விளிம்புல உக்கார வெச்சா, ரெண்டு காலும் யாரோடதோ மாதிரி தொங்குச்சு.

தோட்டத்து ஆஸ்பத்திரியில ஆறு கட்டில், ஒரு டிரஸ்ஸர், மருந்துன்னு சொல்ல ஒண்ணும் இல்ல. டிரஸ்ஸர் யாழ்ப்பாணத்துக்காரர். டாக்டர் இருந்த காலத்துல அவருக்குப் பின்னால பெட்டி தூக்கினவரு. இப்ப டாக்டரும் அவருதான். நாங்க ரெண்டு பேரும் மிதிச்ச கதையைச் சொல்லாம, வழுக்கி விழுந்துட்டாருன்னு சொன்னோம். அவரு முதுகெலும்பு மேல ஒரு விரலை மேலேர்ந்து கீழ இழுத்துக்கிட்டே வந்தாரு. அந்த முண்டுல விரல் நின்னுச்சு. சாயங்காலம் காய்ச்சல் வருதா, வேர்க்குதா, சாமான் எடுக்கக் குனியாமக் குந்துறாரான்னு வரிசையாக் கேட்டாரு. எங்க வீட்டுக்குள்ள நடந்தது இவருக்கு எப்படித் தெரியும்?

முள்ளெலும்புல சயரோகக் கிருமி பூந்திருக்குன்னாரு. இருமி இருமிச் சாகுற அதே வியாதிதான், சில பேருக்கு நெஞ்சுல இல்லாம எலும்புல உக்காருமாம். எலும்புக் கட்டையை முன்பக்கமா அரிச்சு, அது நொறுங்கி, பின்பக்கம் முண்டு தள்ளும். பக்கத்துல சீழ் கட்டும். அப்பத்தான் என் வாய் தானாத் திறந்துக்கிச்சு. மிதிச்சதைச் சொல்லிட்டேன். எத்தனை தரம், எந்தக் கால், எவ்வளவு அழுத்தம், எல்லாத்தையும் சொல்லி அழுதேன்.

அவரு அந்த முண்டை மறுபடி ஒரு தரம் தொட்டுப் பார்த்தாரு. அப்புறம் சொன்னாரு: "நீ மிதிச்சதாலதான் வந்ததெண்டு நான் சொல்ல மாட்டன், பிள்ளை. எலும்பு அதுக்கு முந்தியே அரிச்சுப் போச்சு. ஆனா நீ மிதிச்சிருக்கக் கூடாது. ரெண்டும் உண்மை."

அந்த ரெண்டையும் சேர்த்துச் சுமந்துக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். இனிமே அவரு உக்காரக் கூடாது, திரும்பினாலும் கட்டை உருள்ற மாதிரி முழுசாத்தான் திரும்பணும். பலகையில மட்டமாப் படுக்க வெச்சு, ரெண்டு பக்கமும் மணல் மூட்டை அடைச்சோம்.

மூணு வாரம் போயிருக்கும். அவரு உள்ளங்காலைத் துடைக்கும்போது கால் வெடுக்குன்னு துள்ளுச்சு. பாதத்தைப் பிடிச்சு மேல தள்ளினேன். டக் டக் டக்குன்னு தானா அடிக்க ஆரம்பிச்சுது, விடுற வரைக்கும் நிக்கல. எனக்கு உசிரே திரும்பின மாதிரி இருந்துச்சு. எங்க லயத்து வரிசை வீட்டுல எல்லாரும் வந்து பார்த்தாங்க. உன் மிதி லேட்டா வேலை செய்யுது லா, கை விடலன்னு ஒருத்தி சொன்னா. நானும் அதை நம்பி, ஆஸ்பத்திரிக்கு ஓடிப் போய்ச் சொன்னேன்.

டிரஸ்ஸர் வந்து பார்த்துட்டு முகத்தைத் தொங்கப் போட்டாரு. இது நல்ல ஆட்டம் இல்லையாம். முதுகெலும்புக்கு நடுவுல சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு நரம்புக் கயிறு ஓடுது, மூளை சொல்றதெல்லாம் அது வழியாத்தான் காலுக்குப் போகுது. நடன்னு சொல்ற சொல்லு மட்டும் இல்ல, சும்மா கிடன்னு சொல்ற சொல்லும் அதே வழிதான். இப்ப சீழ் அந்தக் கயிறை நெருக்குது. சும்மா கிடன்னு சொல்ல ஆள் இல்லாததால கால் தன்பாட்டுக்கு ஆடுது. எனக்கு ஒண்ணு விளங்குச்சு. கித்தா மரம் வெட்டினவளுக்கு இது தெரியும். வெட்டுன கோட்டுல ஒரு குச்சி விழுந்து அடைச்சா பால் அதை ஏந்துற மங்குக்கு வராது, பட்டையில வழிஞ்சு வீணாப் போகும். மரத்துல பால் இல்லாம இல்ல, வழியில குச்சி கிடக்கு.

குச்சியை எடுக்கலாம்னு டிரஸ்ஸர் சொன்னாரு. டவுன் ஆஸ்பத்திரியில ஒரு சீன டாக்டர் இருக்காரு, முதுகுல பக்கவாட்டா வெட்டி, சீழை வெளிய விடத் தெரிஞ்சவரு. நெருக்கம் விட்டா கால் வரலாம். வராமலும் போகலாம். ஆபரேஷன்ல உசிரும் போகலாம். ஆனா விட்டு வெச்சா கயிறு செத்துரும், அப்புறம் எந்த டாக்டர் வந்தாலும் கால் வராது. மூத்திரம் நிக்காது, முதுகுல படுக்கைப் புண்ணு வந்து அழுகும்.

"எத்தனை நாள் பொறுக்கலாம்யா?"ன்னு கேட்டேன்.

"நாள் எண்ணி எனக்குச் சொல்லத் தெரியாது. கிழமைக் கணக்குத்தான், வருசக் கணக்கில்லை."

நான் ஏன் அப்படிக் கேட்டேன்னு அவருக்குத் தெரியும். ஜப்பான்காரனுங்க சயாமுக்கு ரயில் ரோடு போட ஆள் பிடிச்சுக்கிட்டிருந்தானுங்க. ரெண்டு தரம் லோரி வந்து போச்சு, போனவங்ககிட்டேர்ந்து ஒரு சேதியும் இல்ல. பக்கத்து வீட்டு ஆம்பளை போயிட்டான், எதிர் வீட்டுல அண்ணன் தம்பி ரெண்டு பேரும் போயிட்டாங்க. எங்க வீட்டுக்காரரை மட்டும் யாரும் கேக்கல. நடக்காதவனை யாரு கேப்பா? கால் வந்துட்டா பட்டியல்ல பேர் வந்துரும். ஜப்பான்காரன் போற வரைக்கும் இப்படியே கிடக்கட்டும், உசிராவது மிஞ்சும்னு நான் கணக்குப் போட்டேன். எங்க வீட்டுக்காரர்கிட்டயே கேட்டேன். உன் இஷ்டம்னுட்டு கூரை மோட்டைப் பார்த்தாரு. மிதிச்சவளே முடிவும் பண்ணட்டும்னு விட்டாரோ என்னவோ. எனக்குக் கோவமா வந்துச்சு.

நான் முடிவு பண்றதுக்கு முந்தி கால் ஆடுற சேதி தோட்டத்துக் கணக்கெழுதுற கிராணி ஆபீஸுக்குப் போயிருச்சு. யாரு சொன்னதுன்னு தெரியும். சொன்னவன் செத்துட்டான், விடுங்க. எங்க வீட்டுக்காரர் நடிக்கிறாருன்னு சொல்லியிருக்கான். மறுநாள் காலையில ஜப்பான் ஆபீசர் ஒருத்தன், பேச்சை மாத்திச் சொல்லக் கிராணி, பின்னால துப்பாக்கியோட ரெண்டு பேர், நேரா வீட்டுக்குள்ள வந்துட்டாங்க. அடுத்த வீட்டுப் பிள்ளை டிரஸ்ஸரைக் கூட்டியார ஓடுச்சு.

ஆபீசர் பாதத்தைப் பூட்ஸ் முனையால தள்ளினான். டக் டக் டக்குன்னு ஆடுச்சு. அவன் சிரிச்சான். கிராணி என் முகத்தைப் பார்க்காம, கால் வேலை செய்யுது, லோரிக்குக் கொண்டு வரச் சொல்றாருன்னான். துப்பாக்கிக்காரன் அவரு கக்கத்துல கையை விட்டான். தூக்கி உக்கார வெச்சா முதுகு முறிஞ்சிரும்னு நான் மேல விழுந்து கத்தினேன். என்னை ஒரு தள்ளுத் தள்ளினாங்க.

அதுக்குள்ள டிரஸ்ஸர் வந்துட்டாரு. சட்டைப் பித்தானைத் தப்பாப் போட்டுக்கிட்டு, மூச்சு இரைக்க, இடுப்பு வரைக்கும் குனிஞ்சு ஆபீசருக்குக் கும்பிடு போட்டாரு. அப்புறம் ஒரு துணியை எடுத்து எங்க வீட்டுக்காரர் கண்ணைக் கட்டினாரு. பாதத்தைப் பிடிச்சு மேல தள்ளினாரு, ஆடுச்சு. விட்டாரு, நின்னுச்சு. பத்துத் தரம் அப்படிப் பண்ணினாரு. பத்துத் தரமும் ஒரே வேகம், ஒரே தாளம். மனுசன் ஆட்டினா கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். இது நரம்பு ஆட்டுறது, எந்த மனுசனாலயும் இப்படி நடிக்க முடியாதுன்னு கிராணிகிட்ட சொன்னாரு. கிராணி மாத்திச் சொன்னான்.

ஆபீசர் யோசிச்சான். வாயில இருந்த சிகரெட்டை எடுத்து, எங்க வீட்டுக்காரர் கெண்டைக்கால்ல வெச்சு அழுத்தினான்.

நான் காலைப் பார்க்கல, முகத்தைத்தான் பார்த்தேன். எல்லாரும் முகத்தைத்தான் பார்த்தோம். கண்ணுல துணி, உதடு லேசாத் திறந்திருக்கு. எங்கயோ ஒரு வாசனை வருதேன்னு மூக்கு மட்டும் சுளிச்சுது. கால் தானா மடங்கி மேல வந்தது ஓரக்கண்ணுல தெரிஞ்சுது. முகத்துல ஒண்ணும் இல்ல. "என்ன புள்ள தீயுது? அடுப்பைப் பாரு"ன்னாரு.

ஆபீசர் போயிட்டான். உசிரு தப்பிச்சுதுன்னு லயமே என்னைத் தேத்துச்சு. தன் தோல் தீயுறது தெரியாம அடுப்பைப் பார்க்கச் சொன்ன மனுசனை வெச்சுக்கிட்டு நான் என்ன உசிரைக் காப்பாத்துறேன்? அன்னிக்கே டிரஸ்ஸர் கிட்ட போய், கொண்டு போலாம்யான்னு சொன்னேன்.

வீட்டுக் கதவைக் கழட்டி அதுல படுக்க வெச்சு, மணல் மூட்டையோட சேர்த்துக் கட்டி, மரவள்ளி ஏத்துற லோரியில ஏத்தினோம். டவுனுக்குள்ள நுழையற இடத்துல ஜப்பான் காவல்காரன் நின்னான். எல்லாரும் இறங்கிக் குனியணும், குனியாதவனுக்கு அறை. நாங்க குனிஞ்சோம். படுத்திருந்தவரை அவன் முறைச்சான். டிரஸ்ஸர் சயரோகம்னு மலாய்ல சொல்லி நெஞ்சைத் தட்டி இருமிக் காட்டினாரு. அவன் ரெண்டடி பின்னால போய்க் கையை ஆட்டினான்.

சீன டாக்டர் சின்ன வயசு, பேச்சு கம்மி. மலாய்ல என்கிட்ட நேராவே சொன்னாரு. முதுகுப் பக்கம் எலும்பைத் திறந்தா சுலபம்தான், ஆனா அவரு அப்படிப் பண்ண மாட்டாராம். முன்னால அரிச்சுப் போன எலும்புக்குப் பின்னால இருக்கிறதுதான் இப்ப முதுகைத் தாங்குது. அதையும் எடுத்துட்டா முதுகு நிக்காது. அதனால பக்கவாட்டா வெட்டி, விலா எலும்புல ரெண்டு விரல் நீளம் எடுத்துட்டு, அந்தச் சந்து வழியா உள்ள போவாரு. மயக்க மருந்து கொஞ்சந்தான் இருக்கு, நேரம் ஆச்சுன்னா பாதியில விழிச்சுக்குவாரு, அதுவும் தெரிஞ்சுக்கன்னாரு. நான் காகிதத்துல ரேகை வெச்சேன்.

வெளிய பெஞ்சுல நான் உக்காரவே இல்ல. உள்ள இருந்து கத்தல் வந்தா மருந்து தீந்துடுச்சுன்னு அர்த்தம், வராட்டி என்ன அர்த்தம்னு தெரியல. சாமிகிட்ட கூட ஒண்ணும் வேண்ட வரல. இந்தக் காலை எடுத்துக்கோன்னு மட்டும் சொன்னேன், என்னோட இடது காலை. டிரஸ்ஸர் உள்ளேர்ந்து வந்தப்ப கண்ணு செவந்திருந்துச்சு. விலா எலும்பை எடுத்ததும் சீழ் பீச்சி அடிச்சுதாம், ஒரு கிண்ணம் நிறைய. கயிறு இன்னும் துடிக்குதுன்னு டாக்டர் விரலை வெச்சுப் பார்த்துச் சொன்னாராம். இனிமே பார்க்கணும்னாரு. பார்க்கணும்னா எத்தனை நாள்னு நான் கேக்கல.

ஒரு மாசத்துக்குப் பிறகு அதே கதவுல வீட்டுக்குக் கொண்டு வந்தோம். எலும்பு கூடுற வரைக்கும் ஏழெட்டு மாசமாவது அசையாமக் கிடக்கணும், முந்தி எழுந்தா மறுபடியும் நொறுங்கும்னு உத்தரவு. ஒரு நாள் மத்தியானம் கெண்டைக்காலைத் துடைச்சுக்கிட்டிருந்தேன். சிகரெட் புண்ணு ஆறாம அப்படியே இருந்துச்சு. துணி அதுல பட்டுச்சு.

"மெல்ல, புள்ள. எரியுது"ன்னாரு.

கையில இருந்த துணி கீழ விழுந்துருச்சு. எங்கன்னு கேட்டேன். கெண்டைக்கால்லன்னாரு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். எனக்கு அலறணும் போல இருந்துச்சு, அலறக் கூடாது. பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகும், அங்கேர்ந்து கிராணி ஆபீஸுக்குப் போகும். அவரு வாயைப் பொத்தினேன். அப்புறம் என் வாயையும் பொத்திக்கிட்டேன்.

அடுத்த வாரங்கள்ல ஒவ்வொரு விரலா அசைஞ்சுது. கதவைச் சாத்திக்கிட்டுத்தான் அசைப்பாரு. பாதத்தைத் தள்ளினா இப்ப ஆடுறதில்ல, சும்மா கிடங்கிற சொல்லு போய்ச் சேர்ந்துருச்சு. டிரஸ்ஸருக்கு மட்டும் சொன்னோம். அவரு சந்தோஷப்பட்டுட்டு உடனே பயந்தாரு. அந்த ஆபீசர் திரும்ப வந்தா எதைக் காட்டுவீங்கன்னு கேட்டாரு.

ஒரு மத்தியானம் வந்துட்டான். சயாமுக்கு மறுபடியும் ஆள் கேட்டுப் பட்டியல். டிரஸ்ஸர் அன்னிக்கு தோட்டத்தோட வேற டிவிஷனுக்குப் போயிருந்தாரு. வீட்டுக்குள்ள நானும் அவரும்தான். கிராணி என்னைப் பார்த்து உதட்டைக் கடிச்சான். ஆபீசர் போர்வையை இழுத்தான், கெண்டைக்கால்ல இருந்த தழும்பை அடையாளம் கண்டுக்கிட்டான். சிகரெட் பக்கம் கை போகுதான்னு நான் பார்த்தேன். போகல. டிரஸ்ஸர் செஞ்சு காட்டினது அவனுக்கு நல்லா நெனப்பிருந்துச்சு. குனிஞ்சு, பாதத்தைக் கையில பிடிச்சு, மேல தள்ளினான்.

பாதம் சும்மா இருந்துச்சு. முதுகெலும்பு இன்னும் கூடல, லோரியில தூக்கிப் போட்டா போர்டிக்சன் சடக்கு முனை தாண்டுறதுக்குள்ள முறிஞ்சிரும், அப்படின்னு என் மனசு ஓடுச்சு.

அப்புறம் டக்குன்னு ஒண்ணு. டக் டக் டக். அதே வேகம், அதே தாளம். ஐயோ, வியாதி திரும்ப வந்துருச்சேன்னு நெனச்சேன். அவரு முகத்தைப் பார்த்தேன். ஆபரேஷனைப் பத்திக் கேட்ட அன்னிக்கு மாதிரியே வெறிச்சு மோட்டைப் பார்த்துக்கிட்டிருந்தாரு. கழுத்து நரம்பு மட்டும் கயிறு மாதிரி பொடைச்சிருந்துச்சு. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. மாசக்கணக்கா பலகையில கிடந்து தன் கால் ஆடுறதைப் பார்த்த மனுசன். அந்தத் தாளம் அவருக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? ஆபீசர் கையை விட்டான். கால் நின்னுச்சு. மறுபடி தள்ளினான், ஆடுச்சு. எத்தனை தரம்னு நான் எண்ணல. கடைசியில கையைத் துணியில துடைச்சுக்கிட்டு வெளிய போனான். கிராணி கதவைச் சாத்திட்டுப் போனான்.

லோரி கிளம்புற சத்தம் கேட்டுச்சு. கால் இன்னும் ஆடிக்கிட்டிருந்துச்சு. போயிட்டாங்க, போதும், நிறுத்துங்கன்னு மெதுவாச் சொன்னேன்.

"நான் அப்பவே நிறுத்திட்டேன், புள்ள"ன்னாரு.

கையும் ஆடுச்சு, தாடையும் ஆடிப் பல்லு கடகடத்துச்சு. இது வியாதி இல்ல, அவ்வளவு நேரம் அடக்கி வெச்ச பயம். அவரு எழுந்து நடந்தது ஜப்பான்காரன் போன பிறகுதான், முதுகுல கூனோட, கம்பு ஊனி. அதைத் தோட்டமே கூடி நின்னு பார்த்துச்சு. ஆனா எனக்கு அவரு கால் கிடைச்சது அந்த மத்தியானம். பாதத்தை எடுத்து என் மடியில வெச்சுக்கிட்டு, கண்ணை மூடுங்க, எங்க தொடுறேன்னு சொல்லுங்கன்னேன்.

சுண்டுவிரல்னாரு. குதிகால்னாரு. உன் கண்ணீர் தழும்பு மேல விழுதுன்னாரு. ஒண்ணு கூடத் தப்பாச் சொல்லல.